தாத்தா காலத்துச் செங்கல் அடுப்பின் மேல் டைல் ஒட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். ராயபுரத்தில் தாத்தா காலத்து வீடு. சமையலறைச் சுவரோடு சேர்த்துக் கட்டிய செங்கல் விறகடுப்பு, அதன் தலைக்கு மேல் புகைக்கூண்டு, அங்கிருந்து கூரையைத் தாண்டிப் போகும் புகைபோக்கி. எல்லாம் கரி ஏறிக் கிடக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காயக் கட்டிய பழைய கணப்படுப்புச் செங்கல் மேல் டைல் ஒட்டி, இரண்டே நாளில் புதுசாக்கிக் காட்டுகிறார்கள். அதை இங்கேயும் செய்யலாமா என்கிறீர்கள். மேஸ்திரி, "முழுசா இடிச்சிட்டுப் புதுசா கட்டிக்கலாம்" என்கிறார். டைல்ஸ் கடைக்காரர், "கம் இருக்கு சார், மேலேயே ஒட்டிக்கலாம்" என்கிறார். அம்மாவுக்குப் பொங்கல் வைக்க ஒரு விறகு வாயாவது மிச்சம் இருக்க வேண்டும்.

இடிக்கத் தேவையில்லை. அப்படியே ஒட்டவும் கூடாது. அடுப்பு மேடையின் முகப்புக்கும், அதற்குப் பின்னால் இரண்டடி உயரத்துக்கும் டைல் போடுங்கள். நெருப்பு எரியும் குழியையும் புகைக்கூண்டையும் விட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால் அந்தச் சுவருக்கு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும். பொறுமை முக்கால்வாசி அங்கேதான் செலவாகும். டைல் ஒட்டுவது கடைசி நாலு நாள் வேலை.

வீடியோவில் வரும் கணப்படுப்பு பெரும்பாலும் சிமெண்டில் கட்டியது, காய்ந்தது, வீட்டுக்குள்ளே பத்திரமாக நிற்பது. அழுக்கைக் கழுவி, மேடுபள்ளத்தை நிரவி, டைலை ஒட்டினால் முடிந்தது. அவர்கள் பயப்படுவது நெருப்புக்கு. அமெரிக்கக் கட்டட விதிப்படி நெருப்பு வாயைச் சுற்றி 6 அங்குலத்துக்குள் மரம் மாதிரி எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. அந்த இடத்தில் டைலும் கல்லும் வருவதற்கு அழகு மட்டும் காரணமில்லை. ராயபுரத்தில் நாம் பயப்பட வேண்டியது தண்ணீருக்கும் உப்புக்கும்.

உங்கள் சுவர் நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் காரை. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் படுகை அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் கிடையாது. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியது 1960களின் கடைசியிலேயே தெரிந்துபோன விஷயம். காசிமேடு, ராயபுரம் பக்கம் போர்த் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு ரோட்டை ஒவ்வொரு முறை போடும்போதும் மேலேயே போட்டு, இன்றைக்குப் பல பழைய வீடுகளின் தரை தெருவுக்குக் கீழே இறங்கிவிட்டது. மண்ணில் இருக்கும் உப்புத் தண்ணீரைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுக்கிறது. தண்ணீர் சுவரின் முகத்தில் காய்ந்து போகிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. அது பூத்துப் பெருகும்போது பூச்சைத் தள்ளிவிடுகிறது. இதைத்தான் ஓதம் அடிக்கிறது, உப்பு அரிக்கிறது என்கிறோம்.

இந்தச் சுவரின் முகத்தில் டைலை ஒட்டி மூடினால் ஈரம் நிற்காது. மூச்சு விட இடம் தேடி இன்னும் மேலே ஏறும். அரை ஆள் உயரத்துக்கு டைல் ஒட்டிய பழைய வீடுகளில், டைல் முடியும் கோட்டுக்குச் சரியாக மேலே ஒரு முழத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து, விரலால் தொட்டால் மாவாய்க் கொட்டும், பார்த்திருப்பீர்கள். பழி பெயிண்டர் மேல் போகும். காரணம் கீழே இருக்கிறது.

அடுத்த குற்றவாளி புகைபோக்கி. மேலே மூடி இல்லாவிட்டால் ஒவ்வொரு மழையும் நேராக உள்ளே இறங்குகிறது. பல வருஷத்து விறகுப் புகை செங்கலுக்குள் விட்டுப்போன கரியிலும் உப்பு இருக்கிறது. அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். புகைபோக்கிச் சுவரில் எவ்வளவு வெள்ளையடித்தாலும் ஆறு மாதத்தில் டீக்கறை மாதிரி பழுப்பு திரும்ப வருகிறதா? அதுதான் இது.

ஆகவே முதல் வேலை ஒரு பரிசோதனை. கனமான பாலித்தீன் தாளை இரண்டடிக்கு இரண்டடி வெட்டி, மூன்று இடத்தில் ஒட்டுங்கள்: தரையிலிருந்து ஓரடியில் ஒன்று, மார்பு உயரத்தில் ஒன்று, புகைக்கூண்டுக்கு அடியில் ஒன்று. டேப் பிடிக்க அந்த ஓரங்களை மட்டும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்தால் அது சமையல் ஆவி, கவலை வேண்டாம். கீழ்த்தாள் மட்டும் நனைந்தால் தரையிலிருந்து ஏறுகிறது. மேல்தாள் மட்டும் என்றால் புகைபோக்கி. மூன்றும் ஒரே மாதிரி நனைந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். ராயபுரத்து வரிசை வீடுகளில் அது பக்கத்து வீட்டுக் குளியலறையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படியானால் முதலில் பிளம்பரைக் கூப்பிட வேண்டும், அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பக்குவமாகப் பேச வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனையைச் செய்தால் எல்லாச் சுவரும் நனைந்துதான் காட்டும். மாசி, பங்குனியில் செய்யுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் நின்றிருந்தால், அது எந்த உயரம் வரை நின்றதோ அதுவரைக்கும் சுவரில் உப்பு அதிகம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புகைபோக்கி ஈரத்துக்கு மருந்து சுலபம். மாடியில் புகைபோக்கி வாய்க்கு மேல் நாலு செங்கல் காலில் ஒரு கடப்பா கல்லைத் தொப்பியாக வையுங்கள். பக்கவாட்டில் காற்று போகட்டும், அதில் புறா நுழையாமல் வலை அடியுங்கள். மேலேயும் கீழேயும் ஒரேயடியாகச் சிமெண்ட் வைத்து அடைப்பது தப்பு, உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் சுவர் வழியாகத்தான் வெளியே வரும்.

தரையிலிருந்து ஏறும் ஓதம் அவ்வளவு எளிதில் தீராது. உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் தீரும் என்று விற்பார்கள். ஈரம் மேலே போகும், அவ்வளவுதான். செய்யக்கூடியது இதுதான்: வெளியே சுவரை ஒட்டித் தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுப்பது, உடைந்த சாக்கடைக் குழாயைச் சரிசெய்வது, பழைய பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரை ஒரு கோடை முழுக்கக் காய விடுவது. அதற்குப் பிறகும் கீழ்ப்பகுதி ஈரமாகவே இருந்தால் சுவரில் நேரடியாக ஒட்டாதீர்கள். அங்குல இடைவெளி விட்டு துருப்பிடிக்காத சேனல் அடித்து, அதில் ஃபைபர் சிமெண்ட் போர்டை மாட்டி, டைலை போர்டின் மேல் ஒட்டலாம். மேலும் கீழும் காற்று போக வழி வேண்டும், அந்த வழியில் மெல்லிய வலை கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் வட சென்னையின் மொத்தக் கரப்பான் பூச்சிக்கும் நீங்கள் வீடு கட்டிக்கொடுத்தது போல ஆகும்.

அடுத்து, நெருப்பு விஷயத்தை முடிவு செய்யுங்கள். தினசரிச் சமையல் கேஸில் என்றால் மேடையின் மேல் கிரானைட் போட்டு, பின்சுவரில் டைல் ஒட்டிக்கொள்ளலாம். இங்கே இரண்டு எச்சரிக்கை. பழைய அடுப்பு மேடைக்கு அடியில் விறகு அடுக்கும் பொந்து இருக்கும். சிலிண்டரை அதில் தள்ளிக் கதவு போட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையிலேயே தேங்கும். அந்தப் பொந்தில்தான் வைக்க வேண்டுமென்றால் கதவுக்குப் பதிலாகத் தரைமட்டம் வரை திறந்த ஜன்னல் கம்பி மாதிரி ஒன்றைப் போடுங்கள், பக்கத்தில் விறகு வாய் எரியும் நாளில் சிலிண்டரை வெளியே எடுத்துவிடுங்கள். இன்னொன்று, புதிதாக வாங்கும் எலக்ட்ரிக் சிம்னியின் குழாயைப் பழைய புகைபோக்கிக்குள் செருகாதீர்கள். எண்ணெய்ப் புகை உள்ளே போய்ப் பழைய கரியோடு சேர்ந்து பிசினாகப் படியும், ஒரு பொறி போதும். அதற்கு வெளிச்சுவரில் தனித் துளை போடுங்கள்.

இனி கரியை எடுப்பது. முதலில் உலர்ந்த நிலையில் கம்பி பிரஷ், முகத்துக்கு மாஸ்க், தரைக்குத் தார்ப்பாய். பிறகு வெந்நீரில் வாஷிங் சோடா கரைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவுவது. ஒரு தடவையில் போகாது. "ஆசிட் ஊத்துனா பளிச்சுனு ஆயிடும்" என்று ஆள் சொல்வார். பளிச்சென்று ஆவது உண்மைதான். ஆனால் ஆசிட் சுண்ணாம்புக் காரையைத் தின்றுவிடும். அது விட்டுப்போகும் உப்பு சுவருக்குள் இறங்கி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நாம் எதை எதிர்த்து மெனக்கெடுகிறோமோ அதையே காசு கொடுத்து ஊற்றுகிறோம்.

கழுவிக் காய்ந்த பிறகு கையில் தண்ணீர் எடுத்துச் செங்கலில் தெளித்துப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடினால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, அங்கே எந்தப் பசையும் பிடிக்காது. மறுபடி கழுவுங்கள்; அதற்கும் மசியாத கல்லை மட்டும் முகத்தில் அரை அங்குலம் கொத்தி எடுங்கள். ஊற்றிய நொடியில் குடித்துவிட்டால் செங்கலுக்குத் தாகம் அதிகம், பூசுவதற்கு முன் நனைத்துக்கொள்ள வேண்டும். நிதானமாக உறிஞ்சினால் சரியான பதம். யாராவது முன்பு எனாமல் பெயிண்ட் அடித்திருந்தால் அதைச் சுரண்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

கொத்தும் வேலைக்கு உளியும் சுத்தியலும் போதும். எலக்ட்ரிக் பிரேக்கரை உள்ளே விடாதீர்கள். மேலே மெட்ராஸ் டெரஸ், மர உத்தரத்தின் மேல் செங்கலைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டியது. பக்கத்து வீட்டோடு கூட்டுச் சுவர் வேறு இருக்கும். அதிர்வு எங்கே போய் எதை ஆட்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. மேஸ்திரி முழுசாக இடிக்கலாம் என்று சொன்னதற்கு நான் தலையாட்டாததும் இதனால்தான். புகைக்கூண்டைத் தாங்கும் வளைவு அடுப்பு மேடையின் பக்கச் சுவர்களில்தான் உட்கார்ந்திருக்கும்.

பூச்சுதான் இந்த வேலையின் உயிர். பழைய செங்கல் முகம் மட்டமாக இருக்காது, ரசமட்டம் வைத்தாலே தெரியும். அந்தக் கோணலை டைல் பசையால் நிரவப் பார்ப்பார்கள், விடாதீர்கள். முதலில் செங்கல் இடுக்குகளில் பொடிந்த காரையை அரை அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரை நனைத்து, அரை அங்குலத்துக்குள் ஒரு கை பூச்சு. கலவை ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு சலித்த மணல். மேஸ்திரி ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவைதான் ஸ்ட்ராங் என்பார். புதுக் கட்டடத்துக்குச் சரி. மெத்தென்ற நாட்டுச் செங்கலின் மேல் இரும்பு மாதிரிப் பூச்சு வைத்தால், சூடு பட்டும் ஈரம் பட்டும் இரண்டும் வேறு வேறு அளவுக்கு அசையும். கடைசியில் பூச்சு செங்கலின் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்பு கலந்தது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். விரிசல் இருக்கும் இடத்தில் கோழி வலையை ஆணி வைத்து அடித்துவிட்டுப் பூசுங்கள். வழவழப்பாகத் தேய்க்கக் கூடாது, கரணை நுனியால் குறுக்கும் நெடுக்கும் கீறி விடட்டும்.

கலவைக்கு மெட்ரோ வாட்டர். போர்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

ஒரு வாரம் நீராற்றி, பிறகு மூன்று வாரமாவது காய விடுங்கள். இந்த மூன்று வாரத்தில் வீட்டில் உங்களுக்கு நல்ல பேச்சு கிடைக்கும். காய்ந்த பூச்சில் மறுபடியும் வெள்ளையாக உப்பு பூக்கிறதா என்று பார்க்க அதுதான் நேரம். பூத்தால் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு இன்னும் காத்திருங்கள்.

டைல் தேர்வில் என் கருத்து, சின்னதாக வாங்குங்கள். இப்போது எல்லோரும் இரண்டுக்கு நாலு அடி விட்ரிஃபைட் கேட்கிறார்கள். அது ஒரு டைலே 15 கிலோவை நெருங்கும், பழைய சுவருக்கு எதற்கு அந்தச் சுமை? ஒன்றுக்கு ஒன்றரை அடி செராமிக் சுவர் டைல், அல்லது அதைவிடச் சின்னது, போதும். செராமிக் சுவர் டைலின் முதுகு தண்ணீரை நன்றாக உறிஞ்சும், அதனால் பசையை இறுகப் பிடிக்கும். விட்ரிஃபைட் 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாது. சிமெண்ட் பால் வைத்து ஒட்டினால் அழகாக உட்கார்ந்திருந்துவிட்டு ஒரு நாள் ராத்திரி 'டமால்' என்று விழும். ஆத்தங்குடி டைல் எனக்கும் பிடிக்கும், கூடத்துத் தரைக்குப் போடுங்கள். அடுப்புக்குப் பின்னால் போட்டால் மஞ்சளையும் எண்ணெயையும் குடித்துவிடும். செங்கல் டிசைன் போட்ட டைலும் கடையில் காட்டுவார்கள். அசல் செங்கலை மூடிவிட்டு அதன் போட்டோவை ஒட்டுவது உங்கள் இஷ்டம்.

பசைக்கு, பையில் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண்ணும் எந்த வகை என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். தூளாக வரும் சிமெண்ட் வகையை வாங்குங்கள். டப்பாவில் ரெடியாகக் கலந்து வரும் பிசின் வகை சூடு படும் இடத்துக்கு ஆகாது. கலக்கும்போது தண்ணீரில் தூளைப் போட வேண்டும், தூளில் தண்ணீரை அல்ல. கலக்கி, ஐந்து நிமிஷம் விட்டு, மறுபடி கலக்கணும். இறுகத் தொடங்கியதும் தண்ணீர் தெளித்து இளக்குவது எல்லா சைட்டிலும் நடக்கும் வழக்கம். அதைத் தடுக்க நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஒட்டும் முறையில் ஒரே ஒரு விஷயம் கவனியுங்கள். டைலின் முதுகில் நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை வைத்து அப்பிவிடுவார்கள். உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம். தட்டினால் டொக் டொக் என்று கேட்கும், பூரிக்கட்டை இடித்தால் உடையும், சூட்டில் முதலில் விடுவதும் இதுதான். பல் வைத்த கரணையால் சுவரில் ஒரே திசையில் பசையை இழுத்து, டைல் முதுகிலும் மெல்லிசாகத் தடவி, அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். மூன்றாவதோ நாலாவதோ டைல் ஒட்டியதும், "அதைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க மேஸ்திரி" என்று கேளுங்கள். முதுகு முழுக்கப் பசை பரவியிருந்தால் டீ வாங்கிக் கொடுங்கள். பரவாமல் இருந்தால் அன்றைக்கு முழுக்க நீங்கள் அங்கேயே இருங்கள். இந்த மாதிரிச் சின்ன வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசினால் ஓட்டமாக ஓடுவார்கள், நாள் கூலி பேசுவது நல்லது.

இடைவெளிக்கு 3 மில்லிமீட்டர் ஸ்பேசர். கிரானைட் மேடையும் டைலும் சேரும் இடத்தில் சிமெண்ட் வைக்காமல் சிலிக்கான். கேஸ் அடுப்புக்குப் பின்னால் எபாக்ஸி கிரவுட் (டைல் இடுக்கை அடைக்கும் பிசின் கலவை) எண்ணெய்க் கறை பிடிக்காமல் இருக்கும், செலவுக்கேற்ற பலன் உண்டு. விறகு வாய் பக்கத்தில் சிமெண்ட் கிரவுட்தான், எபாக்ஸி சூட்டில் இளகும். அந்த ஓரங்களில் பிவிசி பட்டியும் வேண்டாம், ஸ்டீல் பட்டி வையுங்கள்.

அம்மாவின் பொங்கல் வாய்க்கு வருகிறேன். அந்த ஒரு குழியின் உள்பக்கம் டைலும் வேண்டாம், சாதாரணச் சிமெண்ட் பூச்சும் வேண்டாம். உள்ளே இருக்கும் பழைய செங்கல் திடமாக இருந்தால் அப்படியே விடுங்கள். பொடிந்திருந்தால் ஃபயர் பிரிக் வைத்து, அதற்கென்று விற்கும் ஃபயர் கிளே கலவையால் கட்டிக்கொள்ளுங்கள். வாயின் விளிம்பிலிருந்து நாலு விரல் அகலத்துக்குச் செங்கலை அப்படியே தெரியும்படி விட்டு, அதற்கு வெளியே டைலைத் தொடங்குங்கள். நெருப்பு நாக்கு டைல் ஓரத்தை நக்காது, பார்க்கவும் நன்றாக இருக்கும். வேலை முடிந்து ஒரு மாதம் நெருப்பு மூட்டாதீர்கள். முதல் தடவை சுள்ளி வைத்துச் சின்னதாக எரித்து, மேடையும் சுவரும் மெதுவாகக் காயட்டும். மாசியில் பாலித்தீன் தாள் ஒட்டினீர்கள் என்றால் தைக்குள் எல்லாம் தாராளமாக முடியும்.

புகைக்கூண்டுக்கு மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள், அக்ரிலிக் பெயிண்ட் வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும், அந்த வேலைக்கு அரை நாளும் ஒரு பிரஷ்ஷும் போதும். டைல் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். அந்த டிசைன் அடுத்த வருஷம் குஜராத் மோர்பியின் டைல் ஆலைகளிலிருந்து வருவது சந்தேகம்தான்.